டேகன்ஃபெல்டின் பச்சைச் சரிவு: நான்கு நாள் பயணக் குறிப்பு

செப்டம்பர் 9, 2025, செவ்வாய் – ஷ்வேபிஷ் க்முண்ட்

போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் உட்கார்ந்திருந்தோம். டிவியில் பெண்களின் ஸ்கை ஜம்பிங் ஓடிக்கொண்டிருந்தது. காலில் நீளமான ஸ்கை பலகைகளை மாட்டிக்கொண்டு சரிவில் வழுக்கி இறங்கி, மேடை நுனியிலிருந்து பறந்து தூரத்தில் போய் இறங்கும் விளையாட்டு. "பெரியம்மா, ஒலிம்பிக்ஸ்ல இதுக்கு முதன்முதலா தங்கம் வாங்கினது யாரு?" என்று தங்கை மகள் கேட்டாள். பன்னிரண்டு வயது அவளுக்கு. எனக்குத் தெரியவில்லை. தேடிப் பார்த்தால் கரீனா ஃபோக்ட். பிறந்த ஊர் ஷ்வேபிஷ் க்முண்ட். நாங்கள் குடியிருக்கும் ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம்தான். இத்தனை வருடம் இங்கே இருந்தும் அந்தப் பெயர் என் காதில் விழுந்ததே இல்லை. அது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. பள்ளி விடுமுறை முடிய ஒரு வாரம் இருக்கும்போது அவளும் நானும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

க்முண்ட் பொற்கொல்லர்களின் ஊர். பல நூற்றாண்டுகளாகத் தங்க வேலைக்கும் வெள்ளி வேலைக்கும் பேர் போனது. கடைத்தெருவில் இன்றும் நகைப்பட்டறைகள் இருக்கின்றன. ஒரு கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒருவர் ஒற்றைக்கண் லென்ஸை மாட்டிக்கொண்டு மோதிரத்துக்குக் கல் பதித்துக்கொண்டிருந்தார். நாங்கள் நின்று பார்ப்பதைக் கவனித்து, வேலையை நிறுத்தி மோதிரத்தைத் தூக்கிக் காட்டினார். அவ்வளவுதான், மறுபடி குனிந்துகொண்டார். பெண்கள் ஸ்கை ஜம்பிங்கின் முதல் ஒலிம்பிக் தங்கம் இந்த ஊருக்கு வந்தது பொருத்தம் என்று எனக்குத் தோன்றியது.

ஊர் நடுவில் பெரிய தேவாலயம். கோபுரமே கிடையாது. முன்பு இரண்டு இருந்தனவாம், 1497-ல் ஓர் இரவில் இடிந்து விழுந்துவிட்டன. அதன்பின் கட்டவில்லை. அதன் நிழலில் உட்கார்ந்து 'பிரீகல்' சாப்பிட்டோம். நீளமான பன், மேலே சீரகம் மாதிரியான கேரவே விதையும் கல் உப்பும். வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு. ஒன்று 1 யூரோ 60. இரண்டு வாங்கினோம், அப்புறம் இன்னும் இரண்டு.

இரவுச் சாப்பாட்டுக்கு இந்த வட்டாரத்தின் வீட்டுச் சமையலான பருப்பும் ஷ்பெட்ஸ்லெயும். ஷ்பெட்ஸ்லெ என்பது முட்டை சேர்த்துப் பிசைந்த மாவைக் கொதிநீரில் உதிர்த்து எடுப்பது. பருப்பு நம் முழு மசூர் போலத் தோலோடு, ஆனால் கறுப்பும் பச்சையுமாக இருக்கும். கடைசியில் வினிகர் விடுவார்கள். தட்டின் ஓரத்தில் இரண்டு சாசேஜ் வரும், அது வேண்டாம் என்றேன். பரிமாறிய அம்மா ஒரு கணம் யோசித்துவிட்டு இன்னொரு கரண்டிப் பருப்பு கூடுதலாகப் போட்டு எடுத்து வந்தார். 12 யூரோ 80. கூடுதல் பருப்புக்குத் தனிக் காசு வாங்கவில்லை.

அந்த மேசையில்தான் சின்னவளுக்கு, ஃபோக்ட் தங்கம் வாங்கிய ரஷ்யாவின் சோச்சி ஒலிம்பிக்ஸ் கணக்கைச் சொன்னேன். 2014 பிப்ரவரி 11. ஃபோக்டுக்கு 22 வயது முடிந்து ஆறே நாள். ஒவ்வொரு குளிர்காலமும் தொடராக நடக்கும் உலகக் கோப்பைப் போட்டிகளில் அதுவரை ஒன்றில்கூட அவர் ஜெயித்ததில்லை. எல்லோரும் ஜப்பானின் சாரா தகனாஷிதான் ஜெயிப்பார் என்று நினைத்திருந்தார்கள். அந்தப் பருவத்தில் பெரும்பாலான போட்டிகளை வென்றிருந்த 17 வயதுப் பெண். முதல் தாவலில் ஃபோக்ட் 103 மீட்டர், முதலிடம். அதனால் இரண்டாவது சுற்றில் கடைசியாகத் தாவும் முறை அவருக்கு. மேலே உட்கார்ந்து மற்றவர்கள் எல்லோரும் தாவி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஆஸ்திரியாவின் டானியேலா இராஷ்கோ-ஷ்டோல்ஸ் 104.5 மீட்டர் தாவி அரங்கையே எழுப்பிவிட்டார். அதற்குப் பிறகு இறங்கிய ஃபோக்ட் 97.5 மீட்டர். முடிவுக்காக அந்தப் பெண் பனியில் நின்று பலகையைப் பார்த்துக்கொண்டிருந்த காட்சியை நான் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். 247.4 புள்ளி. இரண்டாவது வந்தவருக்கு 246.2. தகனாஷி நான்காவது.

"ஆனா அவங்கதானே அதிக தூரம்?" என்றாள். சரிதான். இரண்டு தாவலையும் கூட்டினால் ஆஸ்திரியப் பெண்ணுக்கு 203 மீட்டர், ஃபோக்டுக்கு 200.5. தூரத்தை மட்டும் பார்த்திருந்தால் தங்கம் அங்கே போயிருக்கும். ஐந்து நடுவர்கள் பறக்கும் அழகுக்கும் தரையைத் தொடும் விதத்துக்கும் ஆளுக்கு 20 வரை போடுவார்கள். அதில் மேலே ஒன்றும் கீழே ஒன்றும் தள்ளுபடி. காற்றுக்கும் தனிக் கணக்கு. சோச்சியில் அவர்கள் தாவிய அளவு மேடையில் ஒரு மீட்டருக்கு 2 புள்ளி. அப்படியானால் 1.2 புள்ளி வித்தியாசம் என்பது 60 சென்டிமீட்டர். சின்னவள் எங்கள் மேசையின் அகலத்தைச் சாணால் அளந்தாள். ஏறக்குறைய அதே அளவு.

செப்டம்பர் 10, புதன் – டேகன்ஃபெல்ட்

காலையில் தூறல், 14 டிகிரி. டேகன்ஃபெல்ட் க்முண்ட் நகராட்சியில் சேர்ந்த மலைக்கிராமம். சில நூறு பேர்தான் இருப்பார்கள். ஃபோக்ட் இந்த ஊர் ஸ்கை கிளப்பின் பெண். மதியம் போக வேண்டிய பேருந்து முன்கூட்டியே போன் செய்து சொன்னால்தான் வருமாம். நிறுத்தத்தில் ஒட்டியிருந்த தாளில் அது பொடி எழுத்தில் இருந்தது. நாங்கள் கவனித்தபோது நேரம் கடந்துவிட்டது. அடுத்ததுக்கு இரண்டு மணி நேரம்.

நிறுத்தத்துக்கு எதிர்வீட்டில் ஒரு அம்மாள் காரில் முட்டை அட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எங்களை இரண்டு தடவை பார்த்தார், மூன்றாவது தடவை வந்து கேட்டார். டேகன்ஃபெல்ட் என்றதும், "தாவுமேடை பார்க்கவா? ஏறுங்கள்" என்றார். முட்டை அட்டையில் ஒன்றைச் சின்னவள் மடியில் வைத்து, "உன் பொறுப்பு" என்றார். சாலை காட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறி, மறுபக்கம் இறங்குகிறது. அவள் மூச்சைக்கூட மெதுவாக விட்டாள். முப்பது முட்டையும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. காசு கொடுக்கப் போனேன், கையை ஆட்டி மறுத்துவிட்டார்.

ஊர் ஒரு கிண்ணத்தின் அடியில் இருக்கிறது. சுற்றிலும் செங்குத்தான காட்டுச்சரிவு. மேலே கால்டஸ் ஃபெல்ட் என்ற மலை, 781 மீட்டர். 'குளிர்ந்த நிலம்' என்று பொருள். இதைவிட உயரமான மலைகளில் நம் ஊர்களில் தேயிலை பறிக்கிறார்கள். இங்கேயோ குளிர்காலம் வந்தால் பனி. வீடுகளுக்குப் பின்னால் மரங்களுக்கு நடுவே கோடு கிழித்ததுபோல் பச்சைச் சரிவுகள், சிறியதும் பெரியதுமாக. எதிர்பார்த்துப் போனது டிவியில் பார்க்கும் கோபுரம். இங்கே மாட்டுத்தொழுவ வாசனையும் ஈரப் புல்லும் கலந்த ஒரு சரிவு, அதன் ஓரத்தில் மரப்படிகள்.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிள்ளைகள் பயிற்சிக்கு வந்தார்கள். பெற்றோரிடம் கேட்டு, படம் எடுக்க மாட்டோம் என்று சொல்லி, ஓரமாக நின்றோம். ஒன்பது பேர். நான்கு பேர் பெண் பிள்ளைகள். ஒருத்திக்கு எட்டு வயதுதான் இருக்கும். அவளைவிட நீளமான இரண்டு ஸ்கையைத் தோளில் சார்த்திக்கொண்டு படியேறினாள். நடுவழியில் நிறுத்தி, ஒரு கையால் மூக்கைத் துடைத்து, மறுபடி ஏறினாள்.

கோடையில் பனி எங்கே என்று கேட்பீர்கள். சரிவு முழுக்கப் பச்சை பிளாஸ்டிக் இழைகள், பெரிய துடைப்பக்கட்டைகளை வரிசையாகப் படுக்கவைத்து ஓடு வேய்ந்ததுபோல். அதன்மேல் தண்ணீர் தெளித்தபடியே இருக்கிறார்கள். ஈரமாக இருந்தால்தான் வழுக்கும். கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தேன். இழை ஒவ்வொன்றும் விறைப்பாக, நுனியில் சொட்டு நிற்க, வெறும் கையில் விழுந்தால் தோல் உரியும்போல் இருந்தது. இந்தப் பாயை 1954-ல் கிழக்கு ஜெர்மனியில் ஹான்ஸ் ரென்னர் என்ற பயிற்சியாளர் உருவாக்கினார். அது இல்லையென்றால் இந்த உயரத்தில் இருக்கும் கிராமத்துப் பிள்ளைகள் வருடத்தில் சில வாரம்தான் தாவ முடியும்.

அந்த எட்டு வயதுக்காரி மேலே, புறப்படும் இடத்துக் குறுக்குக்கம்பில் உட்கார்ந்தாள். கீழிருந்து பயிற்சியாளர் கையை இறக்கினார். 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம், மேடை நுனி வந்ததும் அது அப்படியே நின்றுவிடுகிறது. ஒன்றரை விநாடி சத்தமே இல்லை. அப்புறம் 'டப்'. இவ்வளவு கிட்டத்தில் நின்றபோதுதான் அந்த இடைவெளி எனக்குக் கேட்டது. டிவியில் வர்ணனையாளர் பேசிக்கொண்டே இருப்பதால் அது தெரிவதே இல்லை.

தரையைத் தொடும்போது ஒரு காலை முன்னே, ஒரு காலைப் பின்னே வைத்து முழங்காலை மடக்க வேண்டும். டெலிமார்க் என்பார்கள். இரண்டு காலையும் சேர்த்து வைத்தால் புள்ளி போய்விடும். அந்தப் பிள்ளை அதைத்தான் திரும்பத் திரும்பப் பழகினாள். நான் எண்ணிய வரை ஏழு தடவை ஏறி இறங்கினாள். ஏழாவதில் முழங்கால் சரியாக மடங்கியது. அவளே கைதட்டிக்கொண்டாள்.

இந்த விளையாட்டு பெண்களுக்கு ஏன் இவ்வளவு காலம் மறுக்கப்பட்டது என்று சின்னவள் கேட்டாள். ஆண்களுக்கு 1924-ல் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்ஸிலேயே இருந்தது. பெண்களுக்கு 2014. நடுவில் 90 வருடம். பெண் உடம்புக்கு ஆகாது என்பதுதான் எப்போதும் சொன்ன காரணம். 2005-ல்கூட சர்வதேச ஸ்கை கூட்டமைப்பின் தலைவரே மருத்துவ நோக்கில் இது பெண்களுக்குப் பொருத்தமாகத் தெரியவில்லை என்று பேசினார். 2010 வான்கூவர் ஒலிம்பிக்ஸில் சேர்க்கச் சொல்லிப் பெண் தாவல் வீரர்கள் கனடாவில் வழக்குப் போட்டார்கள். இது பாகுபாடுதான் என்று நீதிபதி ஒப்புக்கொண்டார். ஆனாலும் ஒலிம்பிக் கமிட்டி அந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதல்ல என்று வழக்கு தள்ளுபடியானது. இதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. அந்த வருடங்களில் உச்சத்தில் இருந்த எத்தனையோ பெண்களுக்கு அந்த வயது திரும்பி வரவே இல்லை. ஜெர்மனியின் உல்ரிக்கே க்ரெஸ்லர் 2009-ல் நடந்த முதல் பெண்கள் உலக சாம்பியன்ஷிப்பில் வெள்ளி வாங்கியவர். அடுத்த வருடம் நடந்த ஒலிம்பிக்ஸில் அவருக்கு இடமே இல்லை.

சரி, அதையெல்லாம் கடந்து வந்த ஃபோக்டுக்கு அப்புறம் என்ன ஆனது? சோச்சி தற்செயல் என்று சிலர் நினைத்திருக்கலாம். 2015-ல் ஃபாலுனில் உலக சாம்பியன், கலப்பு அணியிலும் தங்கம். 2017-ல் லாஹ்தியில் மறுபடி அதே இரண்டு. 2019-ல் ஸேஃபெல்டில் பெண்கள் அணிப் போட்டி முதன்முதலாக நடந்தபோது அதிலும் தங்கம். மொத்தம் ஐந்து உலகப் பட்டங்கள். பெரிய நாள் என்று ஒன்று வந்தால் அன்று தன் மிகச் சிறந்த தாவலைத் தாவுகிறவர் அவர். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அதற்காகத்தான். 2019 கோடையில் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. நீண்ட சிகிச்சைக்குப் பிறகு திரும்பி வந்தார், ஆனாலும் பழைய இடத்தைப் பிடிக்க முடியவில்லை. 2022-ல் முப்பது வயதில் விலகினார்.

அந்த மரப்படிகளில் பாதிதான் ஏறினேன். எனக்கே இரண்டு வருடமாக வலது முழங்காலில் வலி. கையால் பிடித்துக்கொண்டு நின்றபோது மேலேயிருந்து அந்தக் குட்டிப்பெண் இறங்கி வந்து, வழிவிட்டு ஒதுங்கி, "க்ரூஸ் காட்" என்றாள். இந்தப் பக்கத்து வணக்கம் அது. எதிரே யார் வந்தாலும் சொல்வார்கள்.

செப்டம்பர் 11, வியாழன் – ஓபர்ஸ்டோர்ஃப் போகும் வழி

ஃபோக்டின் ஊரைப் பார்த்தாகிவிட்டது, அவருக்குப் பின்னால் வந்த காத்தரீனா ஷ்மித்தின் ஊரையும் பார்த்துவிட வேண்டும் என்று தெற்கே கிளம்பினோம். உல்மில் மாறி, மெம்மிங்கன், கெம்ப்டன் வழியாக. நடுவழியில் ரயில் நின்றது. சிக்னல் கோளாறு என்றார்கள். ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம். கழிப்பறையும் பூட்டிக் கிடந்தது. எதிரே உட்கார்ந்திருந்த வயதான தம்பதி பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, வீட்டுத் தோட்டத்து மஞ்சள் பிளம்களை எங்களுக்கும் நீட்டினார்கள். முதலில் சின்னவளுக்கு, அப்புறம் எனக்கு, அப்புறம்தான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெரியவர் கொட்டைகளை வைக்க ஒரு தாளைக் கூம்பாகச் சுருட்டிக் கொடுத்தார்.

இம்மன்ஷ்டாட்டில் ரயில் திசை மாறி, வந்த பக்கமாகவே கிளம்பியது. தப்பான ரயிலோ என்று பதறி எழுந்தேன். அங்கே எப்போதும் அப்படித்தானாம்.

ஓபர்ஸ்டோர்ஃபில் தண்டவாளம் முடிந்துவிடுகிறது. அதற்குமேல் மலைதான். கொட்டுகிற மழை, மேகம் கூரைக்கு வந்துவிட்டது. கடை வாசல்களில் பெரிய மாட்டுமணிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். இன்னும் சில நாளில் மலைமேய்ச்சலிலிருந்து மாடுகள் ஊருக்கு இறங்குகிற திருவிழா. ஒரு மணியைச் சின்னவள் இரண்டு கையாலும் தூக்கப் பார்த்தாள், அசைத்ததோடு சரி.

விடுதியில் இடமில்லாமல் ஏற்கெனவே ஆள் இருந்த மேசையில் உட்காரவைத்தார்கள். இங்கே அது சகஜம். கேட்டுவிட்டு உட்கார்ந்தால் போதும். க்முண்டில் ஷ்பெட்ஸ்லெ என்றது இங்கே ஷ்பாட்சன். மலைச்சீஸ் உருகி நூல் நூலாக இழுபடுகிறது, மேலே பொன்னிறத்துக்கும் ஒரு படி தாண்டி வறுத்த வெங்காயம். 14 யூரோ 50, இரண்டு பேர் சாப்பிட்டும் மிச்சம். பக்கத்திலிருந்தவர் என் தட்டைப் பார்த்து, கூடவே பச்சைக் கீரை சாலட் வாங்காமல் இதைச் சாப்பிடக் கூடாது, இரவு தூக்கம் வராது என்றார். வாங்கினேன். சொன்னது சரி.

செப்டம்பர் 12, வெள்ளி – ஷாட்டன்பெர்க் தாவுமேடை

காலையில் வெளுத்துவிட்டது. ஊரின் எந்தத் தெருவில் நின்றாலும் மேடை தெரிகிறது. 1925-ல் தொடங்கிய இடம். இன்று ஐந்து மேடைகள் பக்கம் பக்கமாக. லிஃப்ட் இருக்கிறது, என் முழங்காலுக்கு நன்றி சொல்ல வேண்டிய ஏற்பாடு.

மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். தடம் கீழே போய், மேடை நுனியில் முடிகிறது. அதற்கப்புறம் சரிவு கண்ணுக்குத் தெரிவதில்லை. நேராக ஊரின் கூரைகளும் தேவாலய ஊசிக்கோபுரமும்தான் தெரிகின்றன. தாவுகிறவர் எங்கே இறங்கப் போகிறோம் என்பதைப் பார்க்காமலேதான் கம்பிலிருந்து எழுகிறார். என் உள்ளங்கை வேர்த்துவிட்டது. சின்னவள் ஒன்றும் பேசவில்லை, என் சட்டையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

இதே ஊரில்தான் 2013 ஆகஸ்டில் அமெரிக்காவின் சாரா ஹெண்ட்ரிக்சன் பயிற்சியில் விழுந்து முழங்கால் ஜவ்வைக் கிழித்துக்கொண்டார். பெண்களின் முதல் உலகக் கோப்பைப் பட்டத்தை வென்றவர். சோச்சிக்கு ஆறு மாதம்கூட இல்லை. அறுவைச் சிகிச்சை முடிந்து, அங்கே போய் நின்று, எண் 1 அணிந்து, ஒலிம்பிக்ஸில் தாவிய முதல் பெண் ஆனார். கிடைத்தது 21-வது இடம். ஃபோக்டின் தங்கத்தைப் பற்றிப் பேசும்போது இந்த 21-வது இடத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சோச்சியில் ஜெர்மன் அணியில் 17 வயதுப் பெண் ஒருவர் இருந்தார். இந்த ஊர் கிளப்பைச் சேர்ந்த காத்தரீனா அல்ட்ஹவுஸ். இப்போது காத்தரீனா ஷ்மித். 2018-லும் 2022-லும் ஒலிம்பிக் வெள்ளி. 2022-ல் வெள்ளி வாங்கி இரண்டு நாள் கழித்து, கலப்பு அணிப் போட்டியில் உடையின் அளவு சரியில்லை என்று தகுதிநீக்கம் செய்தார்கள். அன்று அப்படி வெளியேற்றப்பட்ட ஐந்து பேரும் பெண்கள். ஜெர்மன் அணி இரண்டாம் சுற்றுக்கே போகவில்லை. அடுத்த வருடம் ஸ்லோவேனியாவின் ப்ளானிட்சாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் அவர் மூன்று தங்கம் வாங்கினார். உலகப் பட்டங்கள் மொத்தம் ஏழு ஆகிவிட்டன. அவற்றில் 2015-ல் கலப்பு அணியிலும் 2019-ல் பெண்கள் அணியிலும் அவரோடு நின்று தாவியவர் ஃபோக்ட்.

உலக சாம்பியன்ஷிப்களில் பெண்களுக்குப் பெரிய மேடைப் போட்டி முதன்முதலாகக் கிடைத்தது 2021-ல், இங்கேதான். நார்வேயின் மாரென் லுண்ட்பி ஜெயித்தார். கொரோனா காலம், பார்வையாளர் மேடையில் ஆளே இல்லை. அந்தக் காலி வரிசைகளைத்தான் நான் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறங்கி வந்து கேக் சாப்பிட்டோம். சிவப்புக் கரண்ட் பழம், மேலே முட்டை வெள்ளையின் நுரை, 4 யூரோ 20. புளிப்பு நாக்கில் நின்றது.

ரயிலுக்கு இருபது நிமிடம் இருந்தது. பிளாட்ஃபாரத்தில் சின்னவள், "103 மீட்டர்னா எவ்ளோ தூரம்?" என்றாள். சாதாரண நடையில் அவளுடைய மூன்று எட்டு இரண்டு மீட்டர் வருகிறது. நூற்று ஐம்பத்தைந்து எட்டு வைத்தால் போதும் என்றேன். அவள் எண்ணிக்கொண்டே நடந்தாள். பெட்டிகளைத் தாண்டி, பெஞ்சுகளைத் தாண்டி, சைக்கிள் வைத்திருந்தவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாள். பிளாட்ஃபாரத்தின் கடைசிக்குப் பக்கத்தில் நின்று திரும்பி ஏதோ கத்தினாள். என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. மஞ்சள் மழைச்சட்டையும், மேலே தூக்கிய கையும் மட்டும் தெரிந்தன.